ஈயம் தெரியும்வரை

தெற்கே, மருத்துவமனை
1954 செப்டம்பர்

அன்பு நாத்தனார் தாக்தூவுக்கு,

உன் அண்ணி இவாலு எழுதுகிறேன். இந்தக் காகிதத்தால் உன் கையைப் பிடித்துக் குலுக்குகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டாக்டர் கப்பலில் என் நெஞ்சைப் படம் எடுத்தவர்கள் காசநோய் என்று சொல்லி அதோடு என்னைக் கரையிறங்க விடவில்லை. மாற்றுச் சட்டை எடுத்து வருகிறேன் என்று கெஞ்சினேன். கையில் ஒரு எண்ணை எழுதிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உன் அண்ணன் கரையில் நின்று கையை ஆட்டியது எனக்காகவா, கொசுவை விரட்டவா? தூரத்தில் சரியாகத் தெரியவில்லை. கேட்டு எழுது.

இங்கே மரங்கள் வானத்தை மறைக்கின்றன. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. கஞ்சியும் உருளைக்கிழங்கும் தருகிறார்கள். உறைந்த பச்சை இறைச்சி ஒரு துண்டு கிடைத்தால் பாதி நோய் போய்விடும். சொன்னால் நர்ஸ் முகத்தைச் சுளிக்கிறாள்.

உன் அண்ணனிடம் ஒன்று சொல். பட்டாளம் கொடுத்த 303 துப்பாக்கித் தோட்டாப் பெட்டி தூங்கும் மேடைக்குக் கீழே இருக்கிறது. கப்பல் வருவதற்கு முன்பே எல்லாத் தோட்டாவின் முனையையும் தேய்த்துவிட்டேன். மற்றவர்கள் நுனியைக் கொஞ்சம் சுரண்டுவதோடு சரி. நான் ஈயம் நன்றாகத் தெரியும்வரை தேய்த்திருக்கிறேன். பட்டாளத்துத் தோட்டா மனிதர்களைச் சுடுவதற்காகச் செய்தது. மான் உடம்பில் ஊசி மாதிரி இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. முனை தேய்ந்தது உள்ளேயே விரிந்து தங்கிவிடும். போன வருஷம் அவர் சுட்ட கரிபூ மான் மலை தாண்டி ஓடி ஓநாய்க்கு விருந்தானது நினைவிருக்கிறதா? மனைவி இல்லாத வீட்டுக்கு அவர் வெறும் கையோடு திரும்பக் கூடாது. இனிமேல் ஒரு குண்டு, ஒரு மான்.

தோட்டா தேய்த்த அவருடைய அரம் என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. தேடித் திட்டிக்கொண்டிருப்பார். திட்டட்டும்.

அவ்வளவுதான். மாமாவுக்கும் உன் கணவர் நுத்தாராக்குக்கும் என் கைகுலுக்கல்.

இவாலு


பாஃபின் தீவு, கிழக்குக் கரை
1954 நவம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

தாக்தூ எழுதுகிறேன். உங்கள் கையைக் குலுக்குகிறேன். நாங்கள் எல்லாரும் நலம். நாய்கள்கூட நலம். போலீஸ்காரரின் நாய்வண்டி கிளம்பப்போகிறது என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

அண்ணனை எழுதச் சொன்னேன். "காகிதமெல்லாம் பொம்பளைங்களுக்கும் பாதிரியாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் சொல்வதை அப்படியே எழுதுகிறேன், என்னைக் கோபிக்காதீர்கள்:

"அந்தத் திருடிகிட்ட கேளு, என் அரம் எங்கன்னு. நோய்னு சொல்லி அரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டா. இருமுறதுன்னா நல்லா இருமட்டும், ஆனா என் பக்கம் இல்ல, டாக்டர் மேல இருமச் சொல்லு. நான் கைய ஆட்டினது கொசுவுக்குத்தான். இவளுக்கு யாரு ஆட்டுவா?"

கொசு இல்லை அண்ணி. கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தான். அப்பா போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

உங்கள் தோட்டா வேலை செய்கிறது. இரண்டு கரிபூவைச் சுட்டான். இரண்டும் நின்ற இடத்திலேயே விழுந்தன. முகாம் முழுக்க ஒரே பெருமை: "என் பொண்டாட்டி தேய்ச்ச தோட்டாடா, உங்க வீட்டுல யாராவது இருக்காளா இப்படி?" உங்களுக்கு எழுதும்போது மட்டும் திருடி.

எனக்கும் ஒரு சேதி இருக்கிறது. குளிர்காலம் முடிவதற்குள் எனக்குக் குழந்தை பிறக்கும்.

அவ்வளவுதான்.

தாக்தூ


தெற்கே, மருத்துவமனை
1954 டிசம்பர்

அன்பு தாக்தூவுக்கு,

கையைக் குலுக்குகிறேன், வயிற்றையும் தடவுகிறேன். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் இருமல் வந்து நர்ஸ் என்னைத் திட்டினாள்.

குழந்தைக்குப் பெயர் முடிவாகிவிட்டதா? போன வசந்தத்தில் இறந்த கிழவர் பியுகாத்தின் பெயரை இன்னும் எந்தக் குழந்தைக்கும் வைக்கவில்லை. பாவம், பெயர் இல்லாமல் வெளியே குளிரில் நிற்கிறார். அவரைக் கூப்பிட்டுக்கொள். ஆனால் உன் பிள்ளையும் அவரைப் போலத் தேயிலையை ஒளித்து வைக்கும், பார்த்துக்கொள். எனக்கு அவர் சித்தப்பா முறை. தொட்டிலில் கிடப்பவனை 'வாங்க சித்தப்பா' என்று கூப்பிட வேண்டியிருக்கும். இங்கே ஒருத்தி தன் ஐந்து வயது மருமகனை 'அம்மா' என்று கூப்பிட்டுக் கடிதம் எழுதுகிறாள். செத்துப்போன அம்மா பெயர் அவனுக்கு. நர்ஸ்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பக்கத்துப் படுக்கைப் பெண் இறந்துவிட்டாள். நன்றாகத்தான் தேறிவந்தாள். அவளுடைய மகன் பனி உடைந்து கடலில் மூழ்கிவிட்டான் என்று வீட்டிலிருந்து எழுதிவிட்டார்கள். அன்றோடு சாப்பாட்டை நிறுத்திச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டருக்கு ஒரே கோபம். நோயாளிகளுக்குக் கெட்ட செய்தி எழுதக் கூடாது என்று எல்லா முகாம்களுக்கும் சொல்லி அனுப்பப்போகிறாராம். இனி உங்கள் கடிதங்களில் வெயிலும் இறைச்சியும் மட்டும்தான் இருக்கும் போலிருக்கிறது!

எனக்கு ஒரு பக்க நுரையீரல் மட்டும்தான் மோசம். சொன்னபடி கேட்டால் அடுத்த கோடைக் கப்பலில் அனுப்பிவிடுவார்களாம். கேட்கிறேன். உன் அண்ணனிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக உருளைக்கிழங்கைக்கூட முழுங்குகிறேன்.

அவ்வளவுதான்.

இவாலு


பாஃபின் தீவு
1955 ஜனவரி

அன்புள்ள அண்ணிக்கு,

கையைக் குலுக்குகிறேன். எல்லாரும் நலம். போலீஸ்காரர் டாக்டர் சொன்னதைச் சொன்னார்.

இறைச்சி இருக்கிறது. அண்ணன் நரிக்கு வைத்த பொறி பார்க்கத் தொலைவாகப் போயிருக்கிறான். போகும்போது உங்களுக்குச் சொல்லச் சொன்னான்: "அவ இல்லாம வீடே வீடா இல்ல. நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கச் சொல்லு. நான் எப்பவும் அவளையேதான் நெனச்சுக்கிட்டிருக்கேன்னு சொல்லு."

இருட்டுக் காலம் என்பதால் அதிகம் எழுத முடியவில்லை. விளக்கு சரியாக எரியவில்லை.

அவ்வளவுதான்.

தாக்தூ


தெற்கே, மருத்துவமனை
1955 மார்ச்

அன்பு தாக்தூவுக்கு,

கையைக் குலுக்குகிறேன். இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும். நலமா?

உன் கடிதத்தைப் படித்தேன். உண்மையைச் சொல், உன் அண்ணன் எவளை வீட்டுக்குக் கூட்டிவந்தான்?

சிரிக்காதே. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனிதர் வாயில் ஒரு இனிப்பு வந்ததில்லை. நான் பனி விரிசலில் விழுந்தபோது, "ஏண்டி, அடியில மீன் இருக்கான்னு பாத்துட்டு வா" என்றவர் அவர். அப்படிச் சொல்லிக்கொண்டே அழுதுகொண்டே இழுத்தார். அவர் 'அவ இல்லாம வீடே வீடா இல்ல' என்கிறாரா? மனசு உறுத்துகிற ஆம்பிளைதான் இப்படிப் பேசுவான். கடைக்காரரிடம் வேலை செய்யும் அந்தத் தட்டை மூக்குக்காரியா? நான் வருகிறேன் என்று சொல். வந்து இரண்டு பேரையும் கவனித்துக்கொள்கிறேன்.

கோபத்தில் ஒரு கல்லை எடுத்து அவருடைய அரத்தால் பனிக்கரடி செதுக்க ஆரம்பித்திருக்கிறேன். கரடிக்கு அவர் மூஞ்சி வந்திருக்கிறது.

அவ்வளவுதான்.

இவாலு


தெற்கே, மருத்துவமனை
1955 மார்ச், அதே வாரம்

தாக்தூ,

நலம் விசாரிக்க நேரமில்லை. விமானம் கிளம்புவதற்குள் இதைச் சேர்க்கச் சொல்லி அழுதிருக்கிறேன்.

வார்டு துடைக்கிற ஆள் யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்தவர். அதே 303 சுட்டவர். நான் கல் செதுக்குவதைப் பார்த்துவிட்டு, ஊரில் அரத்தால் என்ன செய்வாய் என்று பேச்சுக்குக் கேட்டார். நம் மொழியும் அவர்கள் மொழியும் தெரிந்த பெண் அதை எனக்குச் சொன்னாள். நான் பெருமையாகத் தோட்டா தேய்ப்பதைச் சொன்னேன். அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அந்தக் குண்டுக்கு மேலே செம்பு நிற உறை இருக்கிறதல்லவா, அது பின்பக்கம் ஏற்கெனவே திறந்துதான் இருக்குமாம். நுனியைச் சுரண்டுவதே ஆபத்தாம். ஈயம் தெரியும்வரை தேய்த்தால் முன்னாலும் திறந்துவிடும். அப்புறம் அது வெறும் குழாய். சில சமயம் ஈயம் மட்டும் பறந்துபோய் உறை துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த குண்டு அதில் போய் மோதினால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஆகாதாம். இரண்டு மான் விழுந்தது அதிர்ஷ்டமாம்.

அவரிடமிருந்து அந்தப் பெட்டியைப் பிடுங்கு. ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் கடலில் போடு. பொறி பார்க்கப் போயிருந்தால் நுத்தாராக்கை நாய்வண்டியில் பின்னாலேயே அனுப்பு. எந்தப் பெண் வேண்டுமானாலும் வீட்டில் இருக்கட்டும், எனக்குக் கவலையில்லை. அவர் இரண்டாவது தடவை சுடக் கூடாது, தாக்தூ. உடனே பதில் எழுது.

இவாலு


பாஃபின் தீவு
1955 ஏப்ரல்

அன்புள்ள அண்ணிக்கு,

கையைக் குலுக்குகிறேன். உங்கள் இரண்டு கடிதமும் ஒரே விமானத்தில் வந்தன.

பெட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் தேய்த்தது ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாவற்றையும் அப்பாவே எடுத்துப்போய்ப் பனி விரிசலில் கொட்டிவிட்டார். தகரப் பெட்டியையும் சேர்த்துத்தான் போட்டார். இனி அந்தத் தோட்டாவால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தூங்குங்கள்.

வேறு எந்தப் பெண்ணும் இல்லை அண்ணி. வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து எழுதுகிறேன். அண்ணனுக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை.

எனக்கு ஆண் குழந்தை. பியுகாத் என்று பெயர் வைத்தோம். பிறந்ததிலிருந்து அழுகை. பால் குடிக்க மறுக்கிறான். மெலிந்துகொண்டே போகிறான். பயமாக இருக்கிறது.

அவ்வளவுதான்.

தாக்தூ


தெற்கே, மருத்துவமனை
1955 மே

அன்பு தாக்தூவுக்கு,

உன் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்குகிறேன். மாமாவின் கையை என் சார்பில் முத்தமிடு. உன் கடிதம் வரும்வரை நான் தூங்கவில்லை. படித்ததும் பகல் முழுக்கத் தூங்கினேன். கரடிக்கு இப்போது நல்ல மூஞ்சி வைத்திருக்கிறேன்.

டாக்டர் படத்தைக் காட்டினார். புண் ஆறிவிட்டது. ஆகஸ்ட் கப்பலில் வருகிறேன்! அவரிடம் சொல், கரையில் நிற்கட்டும், கொசுவை விரட்டட்டும்.

குழந்தை விஷயம். இது பால் கோளாறு இல்லை. நீ வைத்த பெயர் தவறு. பியுகாத் வர விரும்பவில்லை, இல்லையென்றால் வேறு யாரோ அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் நிற்கிறார்கள். இந்தக் குளிர்காலத்தில் அங்கே யாராவது இறந்தார்களா? டாக்டர் பேச்சைக் கேட்டு என்னிடம் மறைக்காதே. யாராக இருந்தாலும் அவருக்குக் குளிருகிறது. உன் வீட்டைத்தான் தேடி வந்திருக்கிறார். பிள்ளையின் காதில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. யாருக்காகவும் தயங்காதே. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு செத்தவரை வாசலில் நிற்கவைக்கலாமா?

அவ்வளவுதான்.

இவாலு


பாஃபின் தீவு
1955 ஜூன்

அன்புள்ள அண்ணிக்கு,

கையைக் குலுக்குகிறேன். நீங்கள் சொன்னபடியே செய்தேன். காதில் பெயரைச் சொன்ன உடனே அழுகை நின்றது. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டான். நானும் அப்பாவும் சேர்ந்து அழுதோம். இப்போது கன்னமெல்லாம் சதை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

பனி உடைய ஆரம்பித்துவிட்டது. வாத்துகள் வந்துவிட்டன. நுத்தாராக் முட்டை பொறுக்கப் போயிருக்கிறார். விமானி கரையில் காத்திருக்கிறார், நான் பாறைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். முதுகில் அண்ணன் விழித்துக்கொண்டு சிணுங்குகிறான், பல் முளைக்கிறது, கொஞ்சம் பால் கொடுத்துவிட்டு வருகிறேன்.

கொடுத்துவிட்டேன். விமானி கத்துகிறார். உங்களுக்காகத் திமிங்கலத் தோல் வைத்திருக்கிறேன். கப்பலில் பத்திரமாக வாருங்கள்.

அவ்வளவுதான்.

தாக்தூ


தெற்கே, மருத்துவமனை
1955 ஜூலை

தாக்தூ,

கையைப் பிடிக்கிறேன்.

முதுகில் இருக்கும் பிள்ளையை அண்ணன் என்று எழுதியிருக்கிறாய். திரும்பத் திரும்பப் படித்தேன். மொழி தெரிந்த பெண்ணிடமும் காட்டினேன். அவள் படித்துவிட்டு என் போர்வையைச் சரிசெய்தாள். உயிரோடு இருக்கிறவன் பெயரை நம்மில் யாரும் தொட்டிலுக்குக் கொடுப்பதில்லை.

நானே சொன்னேன், யாருக்காகவும் தயங்காதே என்று.

அந்தத் தட்டை மூக்குக்காரியாகவே இருந்திருக்கக் கூடாதா? வந்து சண்டை போட்டிருப்பேன்.

பயப்படாதே. சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. இன்று உருளைக்கிழங்கு சாப்பிட்டேன். எப்படி நடந்தது என்று மட்டும் எழுது. எப்போது என்பதையும் எழுது.

இவாலு


பாஃபின் தீவு
1955 ஜூலை, மிஷன் விமானத்தில்

என் அண்ணிக்கு,

உங்கள் கையை விடமாட்டேன். எனக்கு அந்தப் பிள்ளையை வேறு எப்படியும் கூப்பிட வரவில்லை. கையும் அப்படியே எழுதிவிட்டது. என்னை மன்னியுங்கள்.

புது வருஷம் பிறந்த முதல் வாரம். பனிக்கரடி நாய்களுக்கு நடுவில் புகுந்துவிட்டது. அண்ணன் சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினான். சுட்டான். கரடி விழவில்லை. திரும்பி வந்தது. மறுபடி சுட்டான், துப்பாக்கி வெடித்துவிட்டது. சத்தத்துக்குக் கரடி ஓடிவிட்டது. அண்ணன் கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருந்தான். வலி இல்லை என்றான்.

அன்று காற்று பலமாக இருந்தது. குழலுக்குள் பனி புகுந்திருக்கிறது. பனி அண்ணி. நுத்தாராக்கும் பனி என்றுதான் சொல்கிறார். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். போலீஸ்காரரும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார். இங்கே எல்லாரும் பனி என்றுதான் சொல்கிறோம்.

கடைசியாக உங்களைப் பற்றிப் பேசினான். என்ன சொன்னான் என்று சரியாகக் கேட்கவில்லை. அதனால்தான் ஜனவரிக் கடிதத்தில் அவன் சொன்னதாக நானாக எழுதினேன். அவன் மாதிரி திட்ட எனக்கு வரவில்லை.

வந்துவிடுங்கள்.

தாக்தூ


தெற்கே, மருத்துவமனை
1955 ஆகஸ்ட்

அன்பு தாக்தூவுக்கு,

கையைக் குலுக்குகிறேன். கப்பல் கிளம்புகிறது, இந்தக் கடிதம் எனக்கு முன்னால் விமானத்தில் வரும்.

பனி என்று எழுதியிருக்கிறாய். அந்தத் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள் பனி புகாமல் சீல் மிருகத்தின் தோலில் மூடி தைத்துக் கொடுத்தது நான். அதை மாட்டாமல் அவர் துப்பாக்கியைக் கீழே வைத்ததில்லை. சுடுவதற்கு முன்னால்தான் கழற்றுவார்.

சரி. பனியாகவே இருக்கட்டும். இந்தப் பொய்யை முகாமே சேர்ந்து எனக்காகச் சுமந்திருக்கிறீர்கள். நான் வந்து அதை இறக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லும்போது நானும் தலையாட்டுகிறேன். மாமாவிடமும் அப்படியே சொல்.

அரத்தைக் கப்பலிலிருந்து நடுக்கடலில் போட்டுவிடுகிறேன். கரடி பொம்மையைத் தரை துடைப்பவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அழுதார்.

கீழே இருப்பது உனக்கு இல்லை. பிள்ளையின் காதில் படித்துக் காட்டு.

என் புருஷனுக்கு,

உங்கள் கையைக் குலுக்குகிறேன். அது என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும் என்று தெரியும். நலமா? பல் முளைத்துவிட்டதாமே. தங்கச்சியைக் கடிக்கக் கூடாது.

என்னை விட்டுவிட்டு இப்படிச் சின்னவராகிவிட்டீர்களே. நான் ஒரு வருஷம் படுத்த இடத்திலேயே கிடந்து, உங்களிடம் வர வேண்டும் என்று கண்டதையும் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தேன். நீங்கள் அதற்குள் போய்விட்டு அவசரமாகத் திரும்பியும் வந்துவிட்டீர்கள். வெளியே ரொம்பக் குளிராக இருந்ததா? அழுதுகொண்டே நின்றீர்களாம். எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கப்பல் வரும் அன்று தங்கச்சி உங்களைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்பாள். என்னை அடையாளம் தெரியாது, முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். பரவாயில்லை. கையை மட்டும் ஆட்டுங்கள். கொசுவுக்கு என்றே நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க மாட்டேன். உங்களுக்கும் பதில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. ஆனால் பேச்சு வந்த பிறகு, என்னிடம் இனிப்பாக மட்டும் பேசிவிடாதீர்கள். என் மடியில் உட்கார்ந்து, என் அரம் எங்கேடி திருடி என்று கேளுங்கள்.

அவ்வளவுதான்.

உங்கள் இவாலு